பச்சிளங்குழந்தைப் பிரிவின் செவிலியரைக் கலைக்காதீர்கள்: நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறைச் செயலர் அவர்களும், மருத்துவக் கல்வி, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள், பொது சுகாதாரம் ஆகியவற்றின் இயக்குநர்களும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டிலும், பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் நான். பணியில் இருந்த காலத்தில் இப்படிப் பொதுவெளியில் எழுத நடத்தை விதிகள் இடம் தரவில்லை. சொல்ல வேண்டியதை உரிய வழியில், கண்காணிப்பாளர் மூலமாக, எழுத்திலேயே கொடுத்து வந்தோம். அந்தக் கடிதங்கள் எந்தக் கோப்பில் உறங்குகின்றன என்று தேடும் வேலையை உங்கள் அலுவலகத்துக்கே விட்டுவிடுகிறேன். இந்த மடலில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: எஸ்.என்.சி.யூ. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் அந்தப் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும், ஆபத்து நிறைந்த கர்ப்பிணிகளைப் பார்க்கும் வார்டிலும் பயிற்சி பெற்று வேலை பழகிய செவிலியரை, எந்தக் காரணத்தைச் சொல்லியும் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பு அங்கிருந்து எடுக்கக் கூடாது என்று அரசாணை பிறப்பியுங்கள்.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் இந்திய அளவில் 28 பேர், நம் மாநிலத்தில் 13 பேர். 2018-20 காலத்தில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய்மார் இறப்பு நாட்டில் 97 ஆக இருந்தபோது இங்கே 54. ஊர் ஊராக நடந்து கர்ப்பிணிகளைப் பதிவு செய்த கிராம சுகாதார செவிலியர், 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், சீமாங்க் எனப்படும் அவசரகாலப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையங்கள், 108 வண்டி எனப் பலவும் சேர்ந்து பெற்றுத் தந்த பெயர் அது. ஆனால் அதே 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. இறந்த அந்த 13 குழந்தைகளில் 9 பேர் பிறந்த 28 நாட்களுக்குள் இறந்தவர்கள். தடுப்பூசியாலும், உப்புக் கரைசலாலும், குடிநீராலும் காப்பாற்றக்கூடிய குழந்தைகளைப் பெரும்பாலும் நாம் காப்பாற்றிவிட்டோம்; இப்போது மிச்சமிருப்பவர்கள் குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்தவர்கள், பிறந்ததும் அழாதவர்கள், கிருமித்தொற்று கண்டவர்கள். இவர்களைக் காப்பாற்றும் வேலை, மணிக்கு மணி கட்டிலருகே நின்று செய்கிற செவிலியர் வேலை.

இப்பிரிவுகளுக்கு அரசு இயந்திரங்கள் வாங்கித் தருவதில் குறை வைக்கவில்லை. குழந்தைக்குச் சூடு தரும் வார்மர், மஞ்சள் காமாலைக்கான நீல விளக்கு, மூச்சுக்குத் துணை செய்யும் சிபேப், மருந்தைச் சீராக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப், ஆக்சிஜன் அளவு காட்டும் மானிட்டர் எல்லாம் வருகின்றன. திறப்பு விழாவில் புகைப்படமும் எடுக்கப்படுகிறது. ஆனால் மானிட்டர் கூவும். கூவுவதோடு அதன் வேலை முடிந்தது. குழந்தை மூச்சை நிறுத்தியதால் கூவுகிறதா, காலில் மாட்டிய சென்சார் நழுவியதால் கூவுகிறதா என்று பார்த்து, மூச்சு நின்றிருந்தால் உள்ளங்காலைத் தட்டியோ முதுகை வருடியோ மூச்சை மீட்டு, அதற்கும் அசையாவிட்டால் கையால் அழுத்திக் காற்று செலுத்தும் அம்பு பையும் மாஸ்க்கும் எடுத்துக் காற்றைக் கொடுப்பதற்கு ஓர் ஆள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முப்பது வாரத்தில் பிறந்த குழந்தை ஓர் இரவில் பல முறை இப்படி மூச்சை மறந்துவிடும். 20 விநாடி நின்றாலே அதை ஆபத்தாகக் கருத வேண்டும் என்பது பாடம்.

மருந்து கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1,200 கிராம் எடையுள்ள குழந்தைக்கு ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 6 மில்லிகிராம் தர வேண்டும். வார்டில் இருப்பதோ பெரியவர்களுக்கான, 2 மில்லியில் 80 மில்லிகிராம் அடங்கிய குப்பி. அதிலிருந்து எடுக்க வேண்டியது 0.15 மில்லி. அதனால் மருந்தைக் கலக்கி நீர்க்கச் செய்து, ஒரு மில்லி சிரிஞ்சில் அளந்து, இன்னொரு செவிலியரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் ஏற்றுவோம். புள்ளி ஓரிடம் தள்ளிப் போனால் 1.5 மில்லி, அதாவது பத்து மடங்கு மருந்து உள்ளே போகும். சிறுநீரகமும் செவித்திறனும் பாதிக்கப்படும் அபாயம் வரும். பெரியவர் வார்டில் பல ஆண்டுகள் திறமையாக வேலை பார்த்த செவிலியருக்கும் இந்தக் கணக்கு புதிது; அவர் கை பழகிய அளவுகள் வேறு. சரிபார்ப்பதற்கு இரண்டாவது ஆள் பணியில் இல்லாத இரவில், அவர் யாரிடம் காட்டுவார்?

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது, அதைப் பயிற்சிக் கையேட்டில் முழுமையாக எழுதிவிட முடியாது. குறைமாதக் குழந்தைக்குக் கிருமித்தொற்று வந்தால் பெரியவரைப் போலக் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்பதில்லை. பல வேளைகளில் உடம்பு சில்லிட்டுப் போகும். நேற்று வரை 8 மில்லி பாலைச் செரித்த குழந்தைக்கு இன்று வயிறு சற்று உப்பும், குழாயில் இழுத்துப் பார்த்தால் பால் மிஞ்சி நிற்கும், தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும், நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்தால் இரத்தம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகும். இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே, “டாக்டர், இந்தக் குழந்தை நேற்று மாதிரி இல்லை” என்று சொல்கிற செவிலியர்தான் அதன் உயிரைப் பாதி மீட்டவர். அப்படிச் சொல்ல வேண்டுமானால் அவர் நேற்றும் அங்கே இருந்திருக்க வேண்டும்; அதற்கு முன் இப்படி நூறு குழந்தைகளைப் பார்த்திருக்கவும் வேண்டும்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 2011-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், 1,800 கிராமுக்குக் குறைவானவர்களையும் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களையும் இப்பிரிவில் சேர்க்கச் சொல்வதோடு, ஒவ்வொரு ஷிஃப்டிலும் மூன்று அல்லது நான்கு படுக்கைக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. 12 படுக்கைப் பிரிவில் இரவிலும் மூவராவது நிற்க வேண்டும் என்பது இதன் பொருள். இருவர் மட்டும் நிற்கும்போது என்ன ஆகிறது என்பதை நான் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஆறு குழந்தைகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுக்க வேண்டும். பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டி, குழந்தை விழுங்கும் வரை காத்திருந்து, ஏப்பம் விடவைத்துப் படுக்க வைக்க ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். ஆறு குழந்தைக்கு 120 நிமிடம். அதாவது ஆறாவது குழந்தைக்குப் பால் கொடுத்து முடிக்கும்போது முதல் குழந்தைக்கு அடுத்த வேளை வந்துவிடும்; நடுவில் வெப்பநிலை பார்ப்பது, சொட்டு மருந்தைச் சரிபார்ப்பது, துணி மாற்றுவது, ஒவ்வொரு குழந்தையையும் தொடுவதற்கு முன் கை கழுவுவது, நள்ளிரவில் 108 வண்டியில் வந்திறங்கும் புதிய குழந்தையைச் சேர்ப்பது எதற்கும் நேரமே கிடையாது. பால் குழாய் வழியே போகும் குழந்தைகள் சிலர் இருந்தால் கொஞ்சம் மிச்சப்படும், அவ்வளவுதான். ஒரே வார்மரில் இரண்டு குழந்தைகளைப் படுக்க வைக்கிற நாட்களில் இந்தக் கணக்கும் உடைந்துவிடுகிறது. அப்போது முதலில் விட்டுப்போவது கை கழுவுவதுதான். அதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

படுக்கை எண்ணிக்கையைப் பெருக்கும் அறிவிப்புகளில் இரவுப் பணிக்கு எத்தனை செவிலியர் என்ற வரி இருப்பதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆனாலும், புதிதாக ஆள் எடுங்கள் என்பதை விட, இருக்கிறவரைக் கலைக்காதீர்கள் என்பதையே இந்த மடலில் அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் இதற்கு நிதித்துறையின் ஒப்புதல் தேவையில்லை.

கலைப்பு பல வாசல் வழியாக நடக்கிறது. தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியருக்குக் காலமுறை ஊதியம் கிடைக்கும்போது, காலியிடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். அவர் பல ஆண்டு காத்திருந்து பெற்ற உரிமையை வேண்டாம் என்று சொல்லும்படி யாரும் கேட்க முடியாது. பணி மாறுதல் கலந்தாய்வில் “செவிலியர்” என்ற ஒரே தலைப்பில்தான் இடங்கள் காட்டப்படுகின்றன, எஸ்.என்.சி.யூ.வில் வேலை பழகியவர் கண் வார்டுக்குப் போவதையும், கண் வார்டில் இருந்தவர் இங்கே வருவதையும் அந்தப் பட்டியல் ஒன்றாகவே பார்க்கிறது. மூன்றாவது வாசல், தற்காலிகமாக வேறு இடத்துக்கு அனுப்பும் மாற்றுப்பணி. வாய்மொழி உத்தரவே போதும், மறுநாள் ஆள் இருக்கமாட்டார்.

மாவட்ட மருத்துவமனை ஒன்றில், காய்ச்சல் காலத்தில் புதிய வார்டு திறந்தபோது, பச்சிளங்குழந்தைப் பிரிவின் மிக மூத்த இரு செவிலியர் அங்கே அனுப்பப்பட்டனர். அவர்களுக்குப் பதிலாக எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து வந்தவர் பொறுப்பானவர், கூச்சப்படாமல் கேட்டுக் கற்றுக்கொள்பவர். ஆனால் நூலிழை போன்ற நரம்பில் 24 கேஜ் வென்ஃப்ளான் என்ற மெல்லிய ஊசிக்குழாயைப் போடுவதை ஒருவர் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு குத்து தவறியது, இரண்டாவதும் தவறியது; அதற்காகப் போர்வையை விலக்கிய நேரத்தில் 36.6 டிகிரி செல்சியஸ் இருந்த குழந்தையின் வெப்பநிலை 35.8-க்கு இறங்கியது. குளிர்ந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும், சர்க்கரை இறங்கினால் மூச்சு தளரும். அன்று அதைச் சமாளித்துவிட்டார்கள். இதற்கு அந்தச் செவிலியரைக் குறை சொல்ல நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். நான்கு நாள் வகுப்பும், இரண்டு வாரம் பெரிய மருத்துவமனையில் உடனிருந்து பார்க்கும் பயிற்சியும் இந்தப் பிரிவுக்கென்றே வகுக்கப்பட்டிருக்கின்றன; அவருக்கு அவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்த இருவரோ காய்ச்சல் வார்டில் இருந்தார்கள்.

இதே நியாயம் பிரசவ வார்டுக்கும் பொருந்தும். குழந்தையின் ஆபத்து தொடங்குவதே அங்கேதான். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பின் விளிம்பில் நிற்கும் கர்ப்பிணிக்கு வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் தரப்படுகிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அடுத்த ஊசி போடுவதற்கு முன்னால், முழங்காலைத் தட்டிக் கால் உதறுகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று எண்ண வேண்டும். சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா என்று பையைப் பார்க்க வேண்டும். இம்மூன்றில் எது குறைந்தாலும் ஊசியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அதன் விளைவை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுகோனேட் கட்டிலருகிலேயே இருக்க வேண்டும். பிரசவம் முடிந்துவிட்டது என்று நிம்மதி அடையவும் கூடாது. அடுத்த 24 மணி நேரமும் இதே காவல்தான், பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரும். குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு 12 மணி நேர இடைவெளியில் 6 மில்லிகிராம் வீதம் நான்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் பக்குவப்படும். அதில் எத்தனை போடப்பட்டன, பனிக்குடம் எப்போது உடைந்தது, தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா, சர்க்கரை நோய்க்கு இன்சுலின் எடுத்தாரா என்ற நான்கு விவரங்கள் குழந்தையோடு எஸ்.என்.சி.யூ.வுக்கு வந்து சேர்ந்தால் எங்கள் முதல் ஒரு மணி நேரம் சரியாக அமையும். சர்க்கரை உள்ள தாயின் குழந்தை பெரும்பாலும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். பிறந்த சில மணி நேரத்தில் அதன் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கீழே சரியக்கூடும். விவரம் தெரிந்த செவிலியர் குதிகாலில் குத்திப் பார்ப்பார். தெரியாதவர், நல்ல எடையுள்ள குழந்தை, தூங்குகிறது என்று நினைப்பார். இரண்டு பிரிவுகளிலும் பழகிய முகங்கள் இருந்தால் இந்த விவரம் ஒரு தொலைபேசிப் பேச்சில் போய்ச் சேர்ந்துவிடும். ஆட்கள் மாதந்தோறும் மாறினால், கேஸ் ஷீட்டைத் தேடும்போதே காலம் கடந்துவிடும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கும் இதே கதைதான். 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும்; மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே. பிந்தினால் மீட்க முடியாத பார்வையிழப்பு வரலாம். 1996-இல் சென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றில் 29-ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை நடக்கவில்லை, பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லப்படவில்லை, பார்வை போயிற்று. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய ஒரு கோடியே எண்பது லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசும் அதில் பொறுப்பாக்கப்பட்டது என்பதை உங்கள் துறைக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதியை எழுதி, தாயிடமும் பாட்டியிடமும் ஒருமுறைக்கு இருமுறை சொல்லி, அந்தத் தேதியில் வராவிட்டால் கிராம சுகாதார செவிலியருக்குத் தொலைபேசியில் சொல்பவர் யார்? அந்தக் குழந்தையைச் சேர்த்த நாளிலிருந்து பார்த்து வந்த செவிலியர். அவர் இடையில் மாற்றப்பட்டால் தேதி ஏட்டில் இருக்கும். நினைவுபடுத்த ஆள் இருக்காது.

தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் ஒரே அறையில் வைத்துப் பார்க்கும் முறை இனி நம் மருத்துவமனைகளில் பரவ வேண்டியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்தவர்களை, உடல்நிலை நிலைபெறக் காத்திராமல், பிறந்தது முதலே தாயின் மார்போடு அணைத்து வைத்தபோது 28 நாட்களுக்குள் இறப்பு நூற்றுக்கு 15.7-இலிருந்து 12 ஆகக் குறைந்தது. இந்தியாவில் அது டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது, 2021-இல் வெளியானது. கட்டில் போட்டுவிட்டால் இது நடந்துவிடாது. அறுவை முடிந்த தாயின் தையலையும் இரத்தப்போக்கையும், மார்பில் கிடக்கும் குழந்தையின் மூச்சையும் ஒருங்கே பார்க்கத் தெரிந்த செவிலியர் அங்கே வேண்டும். இப்படி இரண்டும் தெரிந்தவரை உருவாக்கச் சில ஆண்டுகள் ஆகும். அவரைக் கண் வார்டுக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். ஒரே இடத்தில் வைத்தால் சோர்ந்துவிடுவார்கள் என்பது ஒன்று. உண்மைதான், குழந்தை இறக்கும் இரவுகள் மனிதரைத் தின்றுவிடும். அதற்கு மருந்து, சுழற்சியைப் பிரசவ வார்டு, பிரசவம் முடிந்த தாய்மார் வார்டு, எஸ்.என்.சி.யூ. என்ற வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது. அங்கே கற்றது இங்கே பயன்படும். எல்லாச் செவிலியரும் எல்லாம் கற்க வேண்டும் என்பது இன்னொன்று. இதே வாதத்தை மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லி அவரைத் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்புவீர்களா? இந்தியச் செவிலியர் கவுன்சில், பச்சிளங்குழந்தை செவிலியத்தைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்று அதற்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பையே வைத்திருக்கிறது. குடும்பக் காரணத்துக்காக மாறுதல் கேட்பவரைத் தடுக்கக் கூடாது என்பது மூன்றாவது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். கட்டிப்போடச் சொல்லவில்லை. அவர் போகும் இடத்திலும் ஒரு எஸ்.என்.சி.யூ. இருக்கிறது, அங்கேயே அவருக்கு இடம் கொடுங்கள் என்கிறேன்.

ஆகவே, எஸ்.என்.சி.யூ., பிரசவ வார்டு இரண்டின் செவிலியர் பணியிடங்களும் கலந்தாய்வுப் பட்டியலில் தனித் தலைப்பில் காட்டப்பட வேண்டும். பயிற்சி முடித்தவரை மூன்றாண்டுக்குள் வேறு துறைக்கு மாற்றக் கூடாது. காலமுறை ஊதியத்துக்கு வருபவருக்கு முதலில் இப்பிரிவுகளின் காலியிடங்களையே காட்ட வேண்டும். மாற்றுப்பணி உத்தரவு எழுத்தில் மட்டும், இயக்குநரின் ஒப்புதலோடு மட்டும், பதிலாக வருபவர் பயிற்சி பெற்றவர் என்ற சான்றோடு மட்டும் வழங்கப்பட வேண்டும். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் இப்போது படுக்கை நிரம்பிய விகிதத்தையும் இறப்பு எண்ணிக்கையையும் கேட்கிறீர்கள். அவற்றோடு, ஒவ்வோர் இரவும் எத்தனை குழந்தைக்கு எத்தனை செவிலியர் நின்றார்கள், அவர்களில் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் என்ற இரண்டு கட்டங்களையும் படிவத்தில் சேருங்கள். வரும் பொது மாறுதல் கலந்தாய்வுக்கு முன்பாகவே இந்த ஆணை வெளிவந்தால், இப்போது பிரிவுகளில் இருப்பவர்களையாவது தக்கவைத்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர்